நிலக்கரிப் போக்குவரத்தும் காபனீரொட்சைட்டுக் கணக்கும்: பிரித்தானிய அரசின் ஏடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் அரசு எவற்றை எண்ணி ஏட்டிற் பதிகின்றது, எவற்றை எண்ணாது விடுகின்றது என்பன அவ்வரசை இயக்கிய நலன்கள் யாவையென அறிவதற்கு உதவுஞ் சான்றுகளாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய அரசு எண்ணுவதிற் பெருவிருப்புடையதாய் விளங்கிற்று. குடிசனம், குற்றம், கொள்ளைநோய், ஏற்றுமதி, இறக்குமதி, புகையிரத விபத்து ஆகிய யாவும் ஆண்டுதோறும் அட்டவணைகளாக அச்சேறின. அந்நாட்டின் புகையிரதங்களும் நீராவிக் கப்பல்களும் எரித்த நிலக்கரியிலிருந்து வளிமண்டலத்திற் கலந்த காபனீரொட்சைட்டுக்கு மட்டும் அவ்வட்டவணைகளில் நிரலொன்று ஒதுக்கப்படவில்லை. ஆயினும் அவ்வாயுவின் அளவை இன்று நாம் ஓரளவு மீட்டெடுத்தல் கூடும். அது எவ்வாறு கூடும், எவ்விடத்திற் கூடாது போகின்றது, கூடாது போவதன் அரசியல் யாது என்பனவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கணக்கின் அடிப்படை எளியது. காபனின் அணுநிறை 12, ஒட்சிசனது 16. எனவே 12 பங்கு காபன் முற்றாக எரியுமிடத்து 44 பங்கு காபனீரொட்சைட்டுத் தோன்றும். நூற்றுக்கு 70 முதல் 80 வரை காபன் கொண்ட நிலக்கரி, தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று தொன் வரை வாயுவைத் தரும். எரிபொருளினும் எரிந்து வெளிவந்த வாயு நிறையிற் கூடியதாய் இருத்தல் முதன்முறை கேட்போருக்கு வியப்பளிப்பதுண்டு. காற்றிலிருந்து வந்து சேரும் ஒட்சிசனே அதற்குக் காரணம். காலநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல்களும் போக்குவரத்து நிலக்கரிக்கு இதே வழியையே விதிக்கின்றன. எரிந்த நிலக்கரியின் அளவை அறிந்து அதனை ஒரு காரணியாற் பெருக்குதலே அவ்வழி. ஆகவே வாயுவின் வரலாற்றைத் தேடுபவன் முதற்கண் நிலக்கரிக் கணக்குகளின் வரலாற்றினுள் நுழையவேண்டியவனாகின்றான்.

அக்கணக்குகள் தோன்றிய சூழல் கவனிக்கத்தக்கது. இலண்டனில் 1840 இல் நிறுவப்பட்ட சுரங்கப் பதிவேட்டு அலுவலகத்தில் ரொபேட் ஹன்ற் என்பார் திரட்டிய கனிப்பொருட் புள்ளிவிபரங்கள் 1855 முதல் நூல்வடிவில் வெளிவரலாயின. தொடக்கத்திற் சுரங்க உடைமையாளர் தாமாக விரும்பி அளித்த தகவல்களையே அவை நம்பியிருந்தன. உற்பத்தி அளவைத் தெரிவித்தலை 1872 ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கிற்று. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது? 1865 இல் வில்லியம் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் நிலக்கரிப் பிரச்சினை பற்றிய தமது நூலை வெளியிட்டார். நிலக்கரி அருகி விலையேறுமாயின் பிரித்தானியாவின் கைத்தொழில் மேலாண்மை நிலைக்குமா என்பதே அவர் எழுப்பிய வினா. பாராளுமன்றம் கலங்கிற்று, 1866 இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு 1871 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. நிலத்தினடியில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்ற அச்சமே எண்ணுதலைத் தூண்டிற்று. எரிந்தது எங்கே சென்றது என்ற கேள்வி மூலதனத்தின் அச்சங்களுள் ஒன்றாக அன்று இருக்கவில்லை.

நமக்கு மிகப் பயன்படும் அட்டவணை இரண்டாவது ஆணைக்குழுவினுடையது. 1901 இல் நியமிக்கப்பட்டு 1905 இல் இறுதி அறிக்கை சமர்ப்பித்த அக்குழு, 1903 ஆம் ஆண்டில் உள்நாட்டில் எரிந்த நிலக்கரியை 167 மில்லியன் தொன் என மதித்து அதனைப் பயன்பாட்டு வாரியாகப் பிரித்துக் காட்டிற்று. தொழிற்சாலைகளுக்கு 53, வீடுகளுக்கு 32, புகையிரதங்களுக்கு 13, கரையோர நீராவிக் கப்பல்களுக்கு 2 மில்லியன் தொன் என அது கூறும். பிரித்தானியத் தொன் மெற்றிக் தொன்னினுஞ் சற்றுப் பெரிது. அதனையுங் கருத்திற்கொண்டு பெருக்கின், அவ்வோராண்டிற் புகையிரதங்கள் மட்டும் ஏறத்தாழ 34 முதல் 39 மில்லியன் மெற்றிக் தொன் காபனீரொட்சைட்டை வெளிவிட்டன எனலாம். இவ்வீச்சு அகன்றதே. சுரங்கத்துக்குச் சுரங்கம் நிலக்கரியின் காபன் அளவு வேறுபடும். இயந்திரம் கடுமையாக உழைக்கும்போது எரியாத கரித்துணிக்கைகள் புகைபோக்கி வழியே வெளியே வீசப்படும். சாம்பலோடுஞ் சிறிது காபன் கழியும். இவற்றையெல்லாம் அறியாத பாவனையில் ஒற்றை எண்ணைத் தருவோரை நாம் ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

ஆணைக்குழு மதிப்பிட்ட ஆண்டுகளை விடுத்து ஏனைய ஆண்டுகளை ஆராயப் புகுவோர் புகையிரதக் கம்பனிகளின் சொந்தக் கணக்குகளை நாடவேண்டும். 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை வர்த்தகச் சபைக்கு ஆண்டறிக்கை அளிக்கக் கடமைப்பட்டிருந்தன. அவ்வறிக்கைகள் பங்குதாரரை நோக்கியவை. செலவைப் பவுணிற் கூறுபவை. பவுணைத் தொன்னாக மாற்ற அவ்வப்பிரதேசத்து விலை தெரிதல் வேண்டும். வண்டிகள் ஓடிய மைல்களைக் கொண்டு மதிப்பிடுதலும் உண்டு. அம்முறை குறைமதிப்பீட்டுக்கே இட்டுச்செல்லும். குளிர்ந்து கிடக்கும் இயந்திரத்தில் நீராவியை எழுப்புதற்குப் பல மணிநேரம் நெருப்பு எரியவேண்டும். பயணிகளுமின்றிப் பொருள்களுமின்றிக் கொட்டகையிற் காத்து நிற்கும்போதும் அது எரியும். பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் இயந்திரம் நாள் முழுவதும் உழைத்தாலும் கால அட்டவணையில் அதற்கு மைல் இல்லை. எரிந்த நிலக்கரியின் ஆற்றலிற் பத்திலொரு பங்கைக்கூட இழுவையாக மாற்றவியலாத பொறி அது.

கம்பனிகள் நிலக்கரியின் அளவை அறியாதிருந்தன என்பது இதன் பொருளன்று. சாரதிக்குச் சாரதி, மைலுக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்குத் துல்லியமாக வைக்கப்பட்டது. நிலக்கரியை மிச்சப்படுத்தியோருக்குச் சில கம்பனிகள் ஊக்கப்பணம் வழங்கின. மிகுதியாக எரித்தோரிடம் விளக்கம் கோரப்பட்டது. ஒரே மாற்றுமுறையிற் பல தொன் நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளி நெருப்பறைக்குள் இடுபவனது முதுகின்மேல் அக்கணக்கு ஏறியமர்ந்தது. இறாத்தல் வரை நுண்மையாய் அமைந்த இவ்வெண்ணிக்கை தொழிலாளியைக் கண்காணிக்கும் கருவியாகவே பிறந்தது. அதே ஏடுகள் இன்று வளிமண்டல வரலாற்றுக்கு மூலங்களாதல் அவற்றை எழுதியோர் எண்ணிப்பாராத பயனாகும்.

இனி, சட்டத்தை நோக்குவாம். அரசு காற்றைப் பற்றி வாளாவிருந்தது என்று கூறின் அது தவறாகும். லிவர்பூல்–மான்செஸ்ரர் புகையிரதப் பாதைக்கு அனுமதி வழங்கிய 1826 ஆம் ஆண்டுச் சட்டம் முதலாக, இயந்திரங்கள் தம் புகையைத் தாமே எரித்துவிடல் வேண்டும் என்ற விதி இருந்தது. 1845 ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம் அதனை எல்லாக் கம்பனிகளுக்கும் உரியதாக்கிற்று. இவ்விதிக்குப் பணிந்தே ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் பிரித்தானியப் புகையிரதங்கள் நிலக்கரியை விடுத்துக் கற்கரியை எரித்தன. கற்கரி விலை கூடியது; ஆனாற் கரும்புகை தருவதன்று. 1850 களின் பிற்பகுதியில் மிட்லன்ட் புகையிரதக் கம்பனியைச் சேர்ந்த சாள்ஸ் மார்க்கம், நெருப்பறையினுட் செங்கல் வளைவொன்றையும் வாயிலிற் காற்றைத் திசைதிருப்பும் தகடொன்றையும் பொருத்திப் பச்சை நிலக்கரியையே பெரும்பாலும் புகையின்றி எரிக்கலாம் எனக் காட்டினார். அதன்பின் கற்கரி விரைவில் வழக்கொழிந்தது. 1868 ஆம் ஆண்டுச் சட்டம் பணியாளரின் கவனயீனத்தால் எழும் புகைக்குங் கம்பனியையே பொறுப்பாக்கிற்று.

இங்கே வேதியியல் நமக்கொரு முரணைக் காட்டுகின்றது. புகை என்பது எரியாது தப்பிய காபன். அதனை முற்றாக எரிப்பதென்பது அதனைக் காபனீரொட்சைட்டாக்குவதென்பதே. சட்டம் கண்ணுக்குப் புலனாவதைத் தண்டித்தது; அதற்குப் பணிந்த அளவுக்குக் கண்ணுக்குப் புலனாகாதது சிறிது கூடிற்று. தமிழில் இவ்வூர்திக்கு நம் முன்னோர் இட்ட பெயரும் புகையிரதம் என்பதுதான். அவர்களும் கண்டதற்கே பெயரிட்டனர். கற்கரிக் காலத்தின் கணக்கில் மற்றொரு பொறியும் உண்டு. கற்கரி செய்வதற்காக டர்ஹம் பிரதேசத்துச் சூளைகளில் நிலக்கரி சுடப்பட்டபோதே அதன் காபனில் ஒரு பகுதி அங்கு எரிந்து காற்றிற் கலந்துவிட்டது. இயந்திரத்தில் எரிந்த கற்கரியை மட்டும் எண்ணுவோமாயின் அப்பகுதி போக்குவரத்தின் கணக்கிலிருந்து நழுவிப்போகும்.

காபனீரொட்சைட்டையே நேரடியாக அளந்த ஓரிடமும் உண்டு. அது நிலத்தின் கீழே இருந்தது. இலண்டன் நகரின் அடியில் மெற்றோபொலிற்றன் புகையிரதப் பாதை 1863 சனவரியில் திறக்கப்பட்டது. நீராவி இயந்திரங்கள் சுரங்கப் பாதையினுள் ஓடின. அக்காலத்திற் காற்றின் வேதியியலை ஆராய்ந்த ரொபேட் அங்கஸ் சிமித், தெருக்களிலும் அரங்குகளிலும் காபனீரொட்சைட்டை அளந்து 1872 இல் நூலொன்று வெளியிட்டார். சுரங்கக் காற்றைப் பற்றிய முறைப்பாடுகள் பெருகவே 1897 இல் வர்த்தகச் சபை ஒரு குழுவை நியமித்தது. சுரங்கத் தொழிலாளரின் சுவாசம் பற்றிய ஆய்வுகளாற் புகழ்பெற்ற ஜே. எஸ். ஹல்டேன் அதில் இடம்பெற்றுப் பாதையின் காற்றிற் காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, கந்தக வாயு ஆகியவற்றைப் பரிசோதித்தார். நிலக்கரிப் போக்குவரத்து வெளிவிட்ட இவ்வாயுவைப் பிரித்தானிய அரசு தானே அமைத்த குழுவொன்றின் மூலம் அளந்தமைக்கு நாம் அறிந்த தெளிவான உதாரணம் இதுவே. அடைபட்ட வெளியிலே பயணியின் மூச்சு முட்டியபோது அளவி வந்தது. புகைபோக்கி திறந்த வானை நோக்கியவுடன் அவ்வளவியின் தேவை முடிந்தது.

குழு முன்வைத்த பரிகாரங்களுள் மின்னிழுவையும் ஒன்று; 1905 இல் வட்டப் பாதை மின்மயமாயிற்று. அம்மின்சாரம் நீஸ்டன், செல்சி ஆகிய இடங்களில் எழுந்த மின்னிலையங்களிலிருந்து வந்தது. அவை எரித்ததும் நிலக்கரியே. வாயு சுரங்கத்திலிருந்து உயர்ந்த புகைபோக்கிக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய வகைப்பாட்டைப் பின்பற்றுவோமாயின் அது போக்குவரத்து என்ற நிரலினின்று நீங்கி மின்னுற்பத்தி என்ற நிரலிற் சேர்ந்துவிடும். மின்மயமாக்கலைப் பற்றி இக்காலத்திற் பேசுவோர் இச்சிறு வரலாற்றை நினைவிற்கொள்ளல் தகும்.

இவ்வாயுவின் வெப்பந் தாங்கும் இயல்பு அறியப்படாத காலமன்று அது. ஜோன் டின்டல் 1859 முதல் ஆய்வுகூடத்தில் அதனை நிறுவிக் காட்டினார். சுவீடனைச் சேர்ந்த ஆர்ஹேனியஸ் 1896 இல் அதன் அளவு மாறின் பூமியின் வெப்பநிலை எவ்வளவு மாறும் எனக் கணித்தார். உலகில் ஆண்டுதோறும் எரியும் ஏறத்தாழ 500 மில்லியன் தொன் நிலக்கரி, வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சமமான வாயுவைத் தருமென அவரது சகபாடி ஹொக்பொம் மதிப்பிட்டிருந்தார். இவை ஆய்வுகூடங்களிலும் சஞ்சிகைகளிலும் நின்றன. 1938 இல் கை கலெண்டர் எரிபொருட் புள்ளிவிபரங்களையும் வெப்பநிலைப் பதிவுகளையும் ஒருங்கே வைத்து, முந்திய அரை நூற்றாண்டில் மனிதன் 150,000 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டைக் காற்றிற் சேர்த்தான் என்றும் அதன் முக்காற்பங்கு அங்கேயே தங்கிற்று என்றும் முன்வைத்தார். கலெண்டர் வானிலையியலாளரல்லர், நீராவியின் பண்புகளை ஆராய்ந்த பொறியியலாளர். நீராவியை அறிந்தவனே நீராவி யுகத்தின் கழிவையும் எண்ணத் தொடங்கினான். வெப்பமுறுதல் நன்மை பயக்கும் என்றே அவர் கருதினார் என்பதையும் மறைத்தல் ஆகாது. அவருடைய கணக்கு உலகம் முழுமைக்கும் உரியது. எந்த அரசு, எந்தத் துறை, எந்த வர்க்கம் என்ற பகுப்பு அதில் இல்லை.

அப்பகுப்பைச் செய்யப் புகும்போதுதான் மிகக் கடினமான வினா எழுகின்றது. கடலில் எரிந்த நிலக்கரி யாருடையது?

உள்நாட்டுக் கப்பல்களைப் பொறுத்தவரை சிக்கலில்லை. நியூகாசிலிலிருந்து இலண்டனுக்கு நிலக்கரி சுமக்கவென 1852 இல் மிதக்கவிடப்பட்ட ஜோன் போவ்ஸ் என்ற நீராவிக் கப்பலும் அதன் வழிவந்தனவும் கரையோரக் கணக்கினுள் அடங்கும். 1903 இல் அவற்றின் பங்கு மேற்கூறிய 2 மில்லியன் தொன்னே. பெருங்கடற் கப்பல்களின் நிலை வேறு. 1866 இல் அல்பிரட் ஹோல்ற் தமது சீன வாணிபக் கப்பல்களிற் கூட்டு இயந்திரத்தைப் பொருத்தினார். 1869 நவம்பரிற் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1881 இல் மும்மடி விரிவு இயந்திரங்கொண்ட அபர்டீன் என்ற கப்பல் நீரிலிறங்கிற்று. ஒரு தொன் சரக்கை ஒரு மைல் கொண்டுசெல்ல எரியவேண்டிய நிலக்கரி ஒவ்வொரு படியிலுங் குறைந்தது. மொத்த நிலக்கரியோ பெருகிற்று. சிக்கனம் நுகர்வைக் குறைக்காது பெருக்கும் என ஜெவொன்ஸ் 1865 இலேயே கூறிய முடிவுக்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் காண்டல் அரிது. நிலக்கரிக்கு ஒதுக்கிய இடம் சரக்குக்கு விடுபட்டபோது, முன்னர் பாய்க்கப்பலுக்கு உரியதாயிருந்த அரிசியும் சணலும் தேயிலையும் நீராவிக் கப்பலின் வாணிபப் பொருள்களாயின.

1913 ஆம் ஆண்டு பிரித்தானிய நிலக்கரி வரலாற்றின் உச்சம். 287 மில்லியன் தொன் அவ்வாண்டில் வெட்டப்பட்டது. அதில் 73 மில்லியன் தொன் ஏற்றுமதியாயிற்று. அதற்குப் புறம்பாக, வெளிநாட்டு வாணிபத்தில் ஈடுபட்ட கப்பல்கள் தம் சொந்த எரிபொருளாகப் பிரித்தானியத் துறைகளில் ஏற்றிச்சென்றவை 21 மில்லியன் தொன். இவ்விருபத்தொரு மில்லியனின் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 55 முதல் 63 மில்லியன் மெற்றிக் தொன்னாகும். பத்தாண்டுக்கு முன் அந்நாட்டுப் புகையிரதங்கள் யாவும் சேர்ந்து வெளிவிட்டதனை இது வெகுவாக விஞ்சுகின்றது. உண்மையான அளவு இதனினும் மேற்படலாம். புகை குறைந்தது என்பதனாற் கடற்படையும் அஞ்சற் கப்பல்களும் பெரிதும் விரும்பிய வேல்ஸ் நிலக்கரி காபன் செறிந்தது. தொன்னுக்குத் தொன் கூடுதலான வாயுவைத் தருவது.

ஐக்கிய நாடுகள் 1992 இல் நிறைவேற்றிய காலநிலைச் சமவாயத்தின்கீழ் அரசுகள் சமர்ப்பிக்கும் கணக்குகளில் இவ்வகை எரிபொருள் எந்நாட்டின் மொத்தத்திலுஞ் சேர்வதில்லை. அது தனிக் குறிப்பாக ஓரத்தில் வைக்கப்படும். கப்பலில் நிலக்கரி கொட்டிவைத்த அறைக்கு ஆங்கில மாலுமிகள் இட்ட பெயரே இன்றும் எண்ணெய்க்கும் அவ்விதியில் வழங்குகின்றது என்பது ஒரு சுவையான எச்சம். இவ்விதியைப் பின்னோக்கிச் செலுத்தி 1913 ஆம் ஆண்டுக்குப் பயன்படுத்துவோமாயின், உலகின் மிகப்பெரிய வணிகக் கப்பற்றொகுதியை உடைமையாகக் கொண்டிருந்த அரசு அக்கப்பல்களின் வாயுவிலிருந்து விடுபட்டு நிற்கும். ஆள்புலத்தை அளவுகோலாகக் கொண்ட கணக்கு, ஆள்புலத்துக்கு அப்பால் இலாபமீட்டிய ஒரு மூலதனத்தை அளக்கவல்லதன்று.

ஏற்றுமதியாகிய 73 மில்லியனையும் அப்படியே வாங்கிய நாடுகளின் தலையிற் கட்டுதல் பொருந்தாது. அதில் ஒரு பகுதி போர்ட் சயிட், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் முதலிய நிலக்கரித் துறைகளிற் குவிக்கப்பட்டு மீண்டும் கப்பல்களுக்கே ஏற்றப்பட்டது. எமது நாட்டின் தொடர்பு இவ்விடத்தில் வருகின்றது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885 இல் நிறைவெய்தியபின், காலித்துறையின் இடத்தைக் கொழும்பு கைக்கொண்டு கீழைக் கடற்பாதையின் பெரும் நிலக்கரி நிலையங்களுள் ஒன்றாயிற்று. முதலில் வேல்ஸிலிருந்தும் பின்னர் வங்கத்திலிருந்தும் வந்திறங்கிய நிலக்கரியைத் தோணிகளிலிருந்து கூடைகளிற் சுமந்து கப்பலின் பக்கத்திலேறிக் கொட்டியோருள் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர். 1927 ஆம் ஆண்டுக் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தத்தின் பின்னணியை எழுதுவோர் இக்கூடைகளை மறத்தல் இயலாது.

பிரித்தானியாவில் நீராவிப் புகையிரதத்தின் இறுதிக்காலத்தை விரிவாக உரைக்கவேண்டியதில்லை. 1948 இல் அரசுடைமையானபோது ஏறத்தாழ 20,000 நீராவி இயந்திரங்கள் இருந்தன. 1955 இல் நவீனமயமாக்கற் திட்டம். 1960 இற் கடைசி இயந்திரம் கட்டப்பட்டது. 1968 ஆகத்துப் 11 ஆந் திகதியுடன் பிரதான பாதைகளில் நீராவி முடிவுற்றது. நமக்கு வேண்டியது இத்திகதி. சமவாயத்தின் கணக்கு 1990 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றது. பிரித்தானியப் புகையிரதங்களில் நிலக்கரி அணைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னரே ஏடு திறக்கப்பட்டது. ஆகவே அவ்வரசின் உத்தியோகபூர்வக் கணக்கில் நிலக்கரிப் புகையிரதம் என்பது, பழம்பொருளாகப் பேணப்பட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் சில இயந்திரங்களின் அற்பத் தொகையாகவே தென்படும். 1825 இல் ஸ்ரொக்ரன்–டாளிங்ரன் பாதையில் நிலக்கரி சுமக்கவெனத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு எரிந்த நெருப்பு அடியாண்டைத் தெரிவு செய்தமையால் மறைந்துவிடுகின்றது. ஆனால் அந்த வாயு மறையவில்லை. காற்றிற் சேர்ந்த காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி நூற்றாண்டுகளாகத் தங்கும். 1997 இற் கியோட்டோப் பேச்சுவார்த்தைகளின்போது பிரேசில் அரசு, வரலாற்றில் வெளிவிட்ட மொத்த அளவுக்கேற்பப் பொறுப்பைப் பகிரவேண்டுமென முன்வைத்த யோசனை இவ்வநீதியைச் சுட்டியதே. அது உடன்படிக்கையில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

1751 முதல் 1950 வரை ஒவ்வொரு நாடும் வெளிவிட்ட அளவை உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளிலிருந்து மதிப்பிட்ட ஆய்வொன்று 1999 இல் வெளிவந்துள்ளது. பயன்மிக்க முயற்சியே. எனினும் இத்தகைய முறையில், ஒரு துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியிலிருந்து கப்பல்கள் மீண்டும் ஏற்றிச்சென்றதைக் கழிக்காவிடின், அது இறங்கிய நாட்டிலேயே எரிந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறாயின் வேல்ஸில் வெட்டப்பட்டு, பிரித்தானியக் கம்பனியின் கப்பலுக்காகக் கொழும்பிற் குவிக்கப்பட்டு, ஏடனுக்கும் கொழும்புக்கும் இடையிற் புகையாய்ப்போன நிலக்கரி, குடியேற்ற நாடாயிருந்த இலங்கையின் கணக்கில் விழும். கழித்தாலோ எவர் கணக்கிலும் விழாது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொகையைக் காண்பதற்குக் குடியேற்ற அரசின் நீலப் புத்தகங்களிலுள்ள இறக்குமதி அட்டவணைகளையும், சுங்கக் கணக்குகளையும், இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் நிருவாக அறிக்கைகளையும் ஆண்டுவாரியாக ஒப்புநோக்க வேண்டும். புகையிரதம் எரித்தது இவ்வளவு, துறைமுகத்திற் கப்பலேறியது இவ்வளவு எனப் பிரித்தெடுக்கும் அவ்வேலை கொழும்பிலுள்ள சுவடிக்கூடத்திலேயே தொடங்கப்படலாம்.